வளர்கிற பிள்ளையின் சப்பாத்து

எங்கள் வீட்டில் எதுவும் அளவுக்கு வாங்கப்பட்டதில்லை. பள்ளிக்கூடச் சட்டை என்றால் கீழே நாலு விரல் மடித்துத் தைத்திருக்கும். சப்பாத்து என்றால் முன்னால் பத்திரிகைத் தாள் கசக்கி அடைத்திருக்கும். "வளர்ற பிள்ளை" என்பது அம்மாவின் ஒரே நியாயம். கண்டியில் எந்தச் சப்பாத்துக் கடைக்குள் போனாலும், எங்கள் கால் கட்டைவிரலுக்கு முன்னால் தன் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்ப்பாள். இடம் போதாவிட்டால் அடுத்த அளவு. நான் இரண்டாவது பிள்ளை. அந்தச் சப்பாத்து ஒருவழியாக அக்காவுக்குச் சரியாகி, தேய்ந்து, என்னிடம் வரும்போது அடியில் ஓட்டை இருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பா கண்டிக் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, மஹய்யாவ ஏற்றத்தில் ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டில் கீழ்த்தட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அக்காவுக்குப் பரதம் பழக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஆனால் பழக்கிக்கொண்டிருந்த ரீச்சர் தமிழருக்கு எதிரான எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு ஊருக்குப் போய்விட்டார். கொஞ்சக் காலத்தில் ஒரு டாக்டர் அக்காவின் காலைத் தூக்கிப் பார்த்து, தட்டைப் பாதம், வளைவே இல்லை, நுனிக்காலில் நின்று பழகினால் நல்லது என்றார். தேவாலய மண்டபத்தில் வெள்ளைக்கார வழிவந்த ஒரு பறங்கிப் பெண்மணி சனிக்கிழமைகளில், நுனிக்காலில் ஆடுகிற மேல்நாட்டு நடனமான பலே பழக்குகிறார் என்று அம்மா கேள்விப்பட்டாள். கசாயம் குடிக்கக் கூட்டிப்போவது போல அக்காவைக் கூட்டிப்போனாள். எங்கள் குடும்பத்துக்குள் பலே வந்த கதை இதுதான். ஊருக்கு எழுதும்போது கூட அதை நடனம் என்று எழுதவில்லை, காலுக்கு ஒரு பயிற்சி என்றுதான் எழுதினோம்.

அந்தப் பெண்மணியை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்தவர், குரலை உயர்த்தமாட்டார். அவருடைய வகுப்பில் முதல் ஆண்டு முழுக்க யாரும் ஆடவில்லை. பிள்ளைகள் நின்றார்கள். மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை மெதுவாக உயர்த்தினார்கள், அதைவிட மெதுவாக இறக்கினார்கள். நிலத்தில் விரித்த துவாயைக் கால் விரல்களால் சுருட்டிச் சுருட்டி இழுத்தார்கள். நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டேன்.

அக்காவுக்கு அது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. வீட்டிலும் அதே வேலை. குசினிப் படியின் விளிம்பில் நின்று ஏறுவாள், இறங்குவாள். கீழே விழுந்த லேஞ்சித் துணியைக் குனிந்து எடுக்கமாட்டாள், கால் விரல்களால் பொறுக்குவாள். அம்மா பார்த்துவிட்டு, "காலால எடுத்தால் கைக்கு என்ன வேலை? இனிச் சோறும் காலாலதான் தின்னப் போறியோ?" என்பாள். சொல்லிவிட்டு இன்னொரு லேஞ்சியைத் தானே போட்டுவிட்டுப் போவாள்.

அக்காவின் கண் முழுக்க மூத்த பிள்ளைகள் போடுகிற பொயின்ற் சப்பாத்தில்தான் இருந்தது. இளஞ்சிவப்புச் சற்றின் துணி, கணுக்காலில் சுற்றிக் கட்டுகிற ரிபன். முன்பக்கத்தைத் தட்டிப் பார்த்தால் மரக்கட்டை மாதிரிக் கேட்கும். உள்ளே மரம் இல்லை, துணியும் கடதாசியும் பசை போட்டு இறுக்கியது. அதைப் போட்டுக்கொண்டு உடம்பின் முழுப் பாரத்தையும் விரல் நுனியில் ஏற்றி நிற்க வேண்டும். அப்படி நிற்பதற்குத்தான் இந்தத் துவாயும் படியும் என்று மிஸ் சொல்வார். கணுக்கால் பலக்க வேண்டும், பாதத்துக்குள் இருக்கிற சின்னத் தசைகள் பலக்க வேண்டும், வயிறும் முதுகும் பலக்க வேண்டும். எலும்பும் முற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஏறுகிறவர்கள் காலால் நிற்பதில்லை, சப்பாத்தின் மேல் தொங்குகிறார்கள் என்பார்.

அக்காவுக்குப் பதினொரு வயதானபோது, இனித் தயார் ஆகலாம், சப்பாத்துக்குச் சொல்லி வையுங்கள் என்று மிஸ் சொன்னார். கண்டியில் அது வாங்க முடியாது. லண்டனில் எங்கள் மாமா ஒருவர் இருந்தார். மிஸ் அக்காவைக் கடதாசியில் நிற்கவைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டுக் கொடுத்தார். தோலைப் போல ஒட்டி இருக்க வேண்டும், ஒரு நூல் இடம்கூட இருக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லியனுப்பினார்.

அம்மா அந்தக் கடதாசியை மேசையில் விரித்தாள். மிஸ் போட்ட கோட்டுக்கு வெளியே, ஒரு விரலை வைத்து அளந்து, இன்னொரு கோடு போட்டாள்.

"மிஸ் இறுக்கமா எண்டெல்லோ சொன்னவ?" என்றாள் அக்கா.

"அவவுக்குப் பிள்ளை குட்டி இல்லை, அவவுக்கு என்ன தெரியும்? சப்பாத்து வந்து சேர மூண்டு மாசம். அதுக்குள்ள உன்ரை கால் அப்பிடியே இருக்குமோ? வளர்ற பிள்ளை."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அப்பாவும் சிரித்தார்.

சப்பாத்து வந்தது. அக்கா அதைக் குழந்தைப் பிள்ளையைத் தூக்குவது போல மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மிஸ் அவள் காலில் போட்டுப் பார்த்து, குதிக்காலுக்குப் பின்னால் துணியைக் கிள்ளினார். கை நிறைய வந்தது. அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். இதற்குள் கால் வழுக்கிக் கீழே இறங்கும், விரல்கள் மடங்கி நசியும், சப்பாத்து ஒரு பக்கம் போகக் கணுக்கால் மறுபக்கம் போகும் என்றார். வேண்டாம், எடுத்து வையுங்கள், கால் வளர்ந்து பொருந்தட்டும், அதற்குள் கணுக்காலும் தேறிவிடும் என்றார். அது எங்கள் அலுமாரிக்குள் போனது. தான் செய்தது நல்லதற்குத்தான் முடிந்தது என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

எண்பத்து மூன்றில் ஆடிக் கலவரம் வந்தபோது அக்காவுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. நகரத்தில் கடைகள் எரிந்த புகை எங்கள் ஏற்றம்வரைக்கும் வந்தது. வீட்டுக்காரர் எங்களை மேல்தட்டில் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கேற்றில் நின்று, இங்கே தமிழர் யாரும் இல்லை என்று வந்தவர்களிடம் சொன்னார். நாங்கள் இருமவும் இல்லை. மூலையில் நின்ற அக்கா, சத்தமில்லாமல் குதிக்காலை உயர்த்தி இறக்கிக்கொண்டே இருந்தாள். இரு என்று அப்பா கையைக் காட்டினார். அவள் இருக்கவில்லை. பயத்துக்கு அவளுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

வீடு சிங்களவருடையது என்பதால் எங்கள் சாமான்கள் தப்பின. நாங்களும் தப்பினோம். சில வாரங்கள் கழித்து வகுப்பு திரும்பத் தொடங்கியபோது பாதிப் பிள்ளைகள் இல்லை. அன்றைக்குத்தான் மிஸ் தானும் போகப்போவதாகச் சொன்னார். அவுஸ்திரேலியாவில் இருந்த தம்பி கூப்பிட்டுவிட்டாராம். போவதற்கு முன்னால் மண்டபத்தில் சின்னதாக ஒரு நிகழ்ச்சி வைப்போம் என்றார்.

வகுப்பு முடிந்ததும் அக்கா மிஸ்ஸிடம் போனாள். அம்மாவும் நானும் பக்கத்தில் நின்றோம்.

"நான் பொயின்ற் போட்டு ஆடட்டுமா, மிஸ்?"

மிஸ் அவளை ஒற்றைக் காலில் ஏறச் சொன்னார். ஏறினாள். கணுக்கால் நடுங்கியது. மிஸ் அந்த நடுக்கத்தைக் கையால் பிடித்துப் பார்த்தார். இந்த வருடம் நீ மளமளவென்று வளர்ந்துவிட்டாய், எலும்பு நீண்ட வேகத்துக்குத் தசை வந்து சேரவில்லை, உன்னுடைய தட்டைப் பாதத்துக்கு இன்னும் நேரம் வேண்டும், இன்னும் ஒரு வருடம் என்றார்.

"அடுத்த வருஷம் நீங்கள் இருக்கமாட்டீங்களே."

மிஸ் வாங்கில் உட்கார்ந்து தன் சப்பாத்தைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். அவருடைய வெறும் காலை அன்றைக்குத்தான் பார்த்தோம். பெருவிரல் மற்ற விரல்களின் மேல் ஏறிப் படுத்திருந்தது. அதன் மூட்டு இஞ்சிக் கிழங்கு மாதிரிப் புடைத்து வெளியே நின்றது. இரண்டு விரல்களில் நகமே இல்லை. என்னைப் பத்து வயதில் ஏற்றிவிட்டார்கள், எல்லோரும் கைதட்டினார்கள் என்றார். நகம் கறுத்து விழும், கொப்புளம் உடைந்து சப்பாத்துக்குள் இரத்தம் ஊறும், குதிக்கால் நரம்பு வீங்கும், அதெல்லாம் ஆறிவிடும் என்றார். உள்ளே சின்ன எலும்புகள் சத்தமில்லாமல் வெடிக்கும், அது தெரியாமலே அதன் மேல் ஆடிக்கொண்டிருப்போம், அதுதான் ஆறாது என்றார். அக்கா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் பார்த்தாள். அம்மா பார்த்தாள் என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மிஸ் சொன்னது எல்லாம் சரி. ஆனால் சரியைச் சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறவர்களை எனக்கு இன்றைக்கும் பிடிப்பதில்லை.

அக்கா வீட்டுக்கு வந்து அழவில்லை. சாப்பிடவும் இல்லை. இரண்டு நாள் அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். துவாயைத் தொடவில்லை, படியில் ஏறவில்லை. அம்மா கெஞ்சினாள், ஏசினாள். மூன்றாம் நாள், அப்பா கச்சேரிக்குப் போன பிறகு, அலுமாரியைத் திறந்தாள்.

"இந்த ஆடி மாசத்தில ஒவ்வொருத்தரும் என்னத்தையெல்லாம் இழந்திட்டு நிக்கினம். இந்தப் பிள்ளை ஒண்டே ஒண்டுதானே கேட்டது" என்று எனக்குச் சொன்னாளா, தனக்குச் சொன்னாளா தெரியாது.

சப்பாத்துக்குள் அக்காவின் காலை விட்டு, முன்னால் விரலால் அழுத்திப் பார்த்தாள். இன்னும் இடம் இருந்தது. தலையணை மூலையைப் பிரித்து இலவம்பஞ்சு எடுத்தாள். எங்கள் எல்லாச் சப்பாத்துக்கும் செய்தது போலவே உருட்டி முன்னால் அடைத்தாள். ரிபனை எங்கே தைப்பது என்று தெரியவில்லை. மூத்த பிள்ளைகளின் காலில் பார்த்த ஞாபகத்தில் அக்கா காட்டினாள். அம்மா தைத்தாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு இருந்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக இரண்டு பேரையும் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

சாப்பாட்டு மேசையைச் சுவரோடு தள்ளினோம். மண்டபத்தில் மிதித்தால் கொடுத்து வாங்குகிற பலகைத் தளம். எங்கள் வீட்டில் மெழுகு பூசி மினுக்கிய சிவப்புச் சீமெந்து. அக்கா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முதலில் முழங்கால் மடிந்தது, பிறகு நிமிர்ந்தது. கழுத்து உயர்ந்தது, தோள் இறங்கியது. என் அக்கா வேறு யாரோ ஆகிவிட்டாள். பொறாமைக்காரியான நானே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"நீ போய் யன்னலால பார், அப்பா வாறாரோ எண்டு" என்றாள் அம்மா.

எனக்குப் போக மனமில்லை. இருந்தாலும் போனேன். வெறும் தெருதான் தெரிந்தது. பின்னால் சீமெந்தில் டக், டக் என்று சப்பாத்தின் சத்தம் கேட்டது. பிறகு கதிரை இழுபட்ட சத்தம், அதன் பிறகு அவள் விழுந்த சத்தம். ஓடி வந்து பார்த்தபோது அக்கா நிலத்தில் கிடந்தாள். பஞ்சு ஒரு பக்கம் நசிந்து, சப்பாத்து காலைவிட்டுத் திரும்பி நின்றது. அவள் கத்தவில்லை. கையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அந்தச் சாமான் அறையிலிருந்து வந்த பிறகு எங்களுக்குச் சத்தம் போடத் தெரியாமல் போயிருந்தது.

சுளுக்குத்தான் என்று அம்மா நல்லெண்ணெய் சூடாக்கித் தடவினாள். அப்பா வந்தார். பொழுது பட்டதும் ஊரடங்குச் சட்டம். விடியட்டும் என்றார். விடிந்தபோது டவுனில் திரும்பக் குழப்பம் என்று கதை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் டவுனுக்கு நடுவால்தான் போக வேண்டும். வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த முறிவு வைத்தியரைக் கூட்டிவந்தார். அவர் பச்சிலை வைத்துக் கட்டினார். அவரும் தன்னால் ஆனதைச் செய்தார். வீக்கம் வடிந்தது, கால் நிலத்தில் ஊன்றவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு கிழமை ஓடிவிட்டது.

அங்கே டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வளர்கிற பிள்ளைகளுக்கு எலும்பின் நுனியில் இன்னும் எலும்பாகாத ஒரு குருத்து இருக்கும், கால் நீளுவது அங்கிருந்துதான், முறிந்தது அந்த இடம் என்றார். ஒரு பாதி இனி வளராமல் நின்றுவிடலாம், மறுபாதி வளர்ந்துகொண்டே போகும், கால் சரியும் என்றார். முதல் நாளே வந்திருந்தால் என்று அப்பா கேட்டார். வந்திருந்தாலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அம்மா அதற்குப் பிறகு ஒருநாளும் எங்களுக்கு எதையும் பெரிதாக வாங்கவில்லை.

மிஸ்ஸுக்கு, அக்காவுக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினோம். அவர் போய்விட்டார்.

ஊருக்கு என்ன எழுதுவது? பறங்கிச்சி பழக்கிய ஆட்டத்துக்குச் சப்பாத்துப் போட்டுக் கால் போனது என்று எழுத அம்மாவால் முடியவில்லை. "கலவரத்தில ஓடேக்குள்ள விழுந்தவள்" என்று எழுதினாள். காலமும் ஏறக்குறையப் பொருந்தியது. கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? அந்த ஆடி மாதத்தில் எது நடந்திருந்தாலும் நம்பலாம். கோயிலில் பெண்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார்கள். எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் அவளைக் காட்டி, இந்தப் பிள்ளைக்கு அவங்கள் செய்ததைப் பாருங்கோ என்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். அவளுக்கு வெட்கம் என்று நினைத்தேன்.

கால் டாக்டர் சொன்னபடியே ஆனது. பாதம் உள்பக்கம் சரிந்தது, மற்றக் காலைவிட அந்தக் கால் கட்டையானது. சப்பாத்தின் உள்ளே தோல் அடுக்கி உயர்த்திப் போட்டுக்கொண்டாள். மழைக்காலத்தில் ஒவ்வொரு படியாகக் கைபிடித்து இறங்குவாள். படித்தாள், கணக்கு ரீச்சர் ஆனாள். யுத்தம் முற்றிய காலத்தில் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் அவளை மட்டும் ஓரமாக நிறுத்துவார்கள். நொண்டுகிற இளம் தமிழ்ப் பெண் என்றால், கால் எங்கே போனது, எந்தச் சண்டையில் போனது என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். கலவரத்தில் என்று அங்கே சொல்ல முடியுமா? "வெட்டுணா" என்பாள். விழுந்தேன் என்று சிங்களத்தில். ஒருநாள் வெயிலில் அவளுடைய சப்பாத்தைக் கழற்றவைத்து, காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா காலமான பிறகு அம்மாவுக்கு ஒரே கவலை அக்காவின் கலியாணம். வந்தவர்கள் எல்லோரும் காலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கம்பளையில் வங்கியில் வேலை செய்கிற ஒருவரும் அவருடைய தாயும் வந்தார்கள். ஊர் எங்கள் பக்கம், நல்ல மனிதர்கள். அக்கா தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தத் தாய் அவள் நடப்பதைப் பார்த்து, உண்மையான இரக்கத்தோடு சொன்னார்: "கேள்விப்பட்டனான், பிள்ளை. கலவரத்தில ஓடேக்குள்ள விழுந்ததாமே. அது ஒரு குறையோ? எங்கட சனத்துக்கு வந்த விதி. நாங்கள் அதைப் பாக்கேல்லை."

அம்மாவின் முகம் மலர்ந்தது. காரியம் பழம் என்று நானும் நினைத்தேன்.

"இல்லை மாமி" என்றாள் அக்கா. "நான் ஓடேல்லை. கலவரம் முடிஞ்சு வீட்டில இருந்தனாங்கள். நான் ஆடினனான். ஆடேக்குள்ளதான் விழுந்தனான்."

அந்தத் தாய் குழம்பிப்போனார். "என்ன, பரதமோ?"

"பலே."

மாப்பிள்ளை கோப்பையை மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் கண்டிக் குளிரைப் பற்றிப் பேசிவிட்டு, அறிவிக்கிறம் என்று சொல்லிப் போனார்கள். அறிவிக்கமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பலேக்காக அல்ல, பொய்க்காக.

கதவைச் சாத்தியதும் அம்மா வெடித்தாள். "உனக்கு விசரே? இவ்வளவு காலமா ஊர் முழுக்க ஒரு கதை சொல்லி வைச்சிருக்கிறன், ஆருக்காக? உனக்காகத்தானே?"

"அந்தக் கதையில நான் பயந்து ஓடின பிள்ளையம்மா" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "நான் ஓடேல்லை. என்ரை சீவியத்தில ஒருக்கா நான் நுனிக்காலில நிண்டனான். ரெண்டு மூண்டு எட்டு வைச்சனான். எனக்கெண்டு இருக்கிறது அது ஒண்டுதான். அதையும் ஏனம்மா என்னட்டை இருந்து பறிச்சனீங்கள்?"

அக்கா கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கோயிலிலும் கலியாண வீடுகளிலும் அவள் தலைகுனிந்து நின்றது வெட்கத்தால் இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சின்னப் பிள்ளை கேட்பது போல, "நல்லா இருந்ததோ?" என்று கேட்டாள். "ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

அம்மா அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லா இருந்தது, பிள்ளை. அவ்வளவு நல்லா இருந்தபடியாலதான், கதிரையை விடு, விட்டிட்டு ஆடு எண்டு நான் சொன்னனான்."

நான் யன்னலடியில் நின்றவள். இத்தனை ஆண்டுகளாக எனக்கு இது தெரியாது. அக்கா விழுந்தாள் என்றுதான் தெரியும். அக்காவும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. ஒரே வீட்டுக்குள், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் அதை ஆளுக்கொரு பக்கமாகச் சுமந்திருக்கிறார்கள்.

அக்கா அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நீங்கள் சொல்லாட்டியும் கதிரையை விட்டிருப்பன்" என்றாள்.

அது உண்மையா, அம்மாவுக்காகச் சொன்னதா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.